பழைய விளையாட்டும் அதற்குரிய திரையும்

கண்டி நகரைச் சூழ்ந்த மலைச் சரிவுகளில் குடியிருப்போர் யாவரும் படிக்கட்டின் அருமையையும் கொடுமையையும் நன்கறிவர். தெருவிலிருந்து வாசலுக்கு முப்பது படி. வாசலிலிருந்து பின்னறைக்கு மேலும் ஏழெட்டுப் படி. அத்தகைய வீடொன்றுக்கு 1990களில் இருவர் தோள்கொடுத்துத் தூக்கிவந்த தொலைக்காட்சிப் பெட்டி, இன்று களஞ்சிய அறையின் மூலையிலே ஒரு பழஞ்சேலையைப் போர்த்திக்கொண்டு கிடக்கின்றது. கூடத்தில் அது வீற்றிருந்த இடத்தை இரண்டு விரற்கடைக் கனமுள்ள தட்டைத் திரையொன்று பிடித்துக்கொண்டது. பழைய சாமான் வாங்குபவரின் லொறி தெருவிற் கூவிச் செல்லும்போதெல்லாம், "அதைக் கொடுத்துவிட்டால் என்ன?" என்ற கேள்வி அவ்வீட்டில் எழுகின்றது. படிகளின் தொகையை எண்ணிப் பார்த்ததும் கேள்வி தானே அடங்கிவிடுகின்றது.

கட்டுகஸ்தோட்டையிலோ, குண்டசாலையிலோ, பேராதனையிலோ அத்தகைய வீடொன்று இருப்பதாகக் கொள்ளலாம். குடும்பத் தலைவருக்கு வயது நாற்பதைக் கடந்துவிட்டது. அலுமாரியைத் துப்புரவு செய்கையில் அவருடைய இளமைக்காலத்து "டீவி கேம்" அகப்படுகின்றது: ஒரு பிளாஸ்டிக் பெட்டி, இரண்டு கைப்பிடிகள், ஒரு துப்பாக்கி, மேலே செருகும் கசற்றுகள் இரண்டு. ஒரு கசற்றின் மேல் 9999 விளையாட்டுகள் என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பவையோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவையே பெயர் மாறியும் நிறம் மாறியும் திரும்பத் திரும்ப வரும். அந்த வஞ்சகத்தை அக்காலத்துச் சிறுவர்கள் மன்னித்துவிட்டனர். பத்து வயது மகனை அருகில் இருத்தி, "இதில் அப்பாவை வெல்ல இந்தத் தெருவில் ஒருவரும் இருந்ததில்லை" என்று சொல்லி, பெட்டியைப் புதிய தட்டைத் திரையுடன் தந்தை இணைக்கின்றார்.

படம் வருகின்றது. ஆனால் மாரியோ என்னும் அந்த மீசைக்காரன் பருத்துக் குறுகி நிற்கின்றான். பொத்தானை அழுத்தினால் ஒரு கணம் யோசித்த பின்பே பாய்கின்றான். யோசித்து முடிவதற்குள் பள்ளத்தில் விழுந்துவிடுகின்றான். ஐந்து முறை விழுந்த பின் தந்தை துப்பாக்கியைக் கையிலெடுக்கின்றார். திரையிற் பறக்கும் வாத்துகளில் ஒன்றேனும் வீழவில்லை. துப்பாக்கியின் வாயைத் திரையோடு ஒட்டவைத்துச் சுட்டாலும் வாத்து சிரித்துக்கொண்டு பறக்கின்றது. மகன் தந்தையின் முகத்தைப் பார்க்கின்றான். "வயது போய்விட்டது" என்று தந்தை முணுமுணுக்கின்றார்.

குற்றம் வயதினுடையதன்று, பெட்டியினுடையதுமன்று. விலையுயர்ந்த அந்தப் புதிய திரை இவ்விளையாட்டுக்கு ஏற்றதன்று என்பதே உண்மை. ஏற்ற திரையோ, பழஞ்சேலையின் கீழ்க் கிடக்கின்றது. இதன் காரணத்தை அறிந்துகொண்டால் எதை வைத்துக்கொள்வது, எதை வாங்குவது, எதைக் கைவிடுவது என்ற வினாக்களுக்கு விடை காண்பது கடினமாகாது.

இலங்கையில் ரூபவாஹினி ஒளிபரப்பு 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதி தொடங்கிற்று. அன்று தொட்டு ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் வீடுகளில் இருந்தவை கதோட்டுக் கதிர்க் குழாய்ப் பெட்டிகளே. 1897இல் ஜெர்மன் விஞ்ஞானி கார்ல் பேர்டினண்ட் பிரௌன் அமைத்துக் காட்டிய குழாயின் வழித்தோன்றல்கள் அவை. கழுத்துப் போன்ற ஒடுங்கிய பின்புறத்திலிருந்து இலத்திரன் கற்றை புறப்பட்டு, முன்புறக் கண்ணாடியின் உட்பக்கத்திலுள்ள ஒளிரும் பூச்சின் மேல் மோதுகின்றது. மோதிய இடம் மின்னி மறைகின்றது. கழுத்தைச் சுற்றியுள்ள செப்புக் கம்பிச் சுருள்களின் காந்த விசை அக்கற்றையை இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் ஏர் உழுவதுபோல நடத்திச் செல்கின்றது. இலங்கை கைக்கொண்ட பால் முறையில் ஒரு முழுப் படத்துக்கு 625 கோடுகள். செக்கனுக்கு 50 தடவை கற்றை மேலிருந்து கீழ்வரை இறங்குகின்றது. ஒரு தடவை ஒற்றைக் கோடுகளையும், அடுத்த தடவை இரட்டைக் கோடுகளையும் வரைகின்றது. கண் இரண்டையும் இணைத்து ஒரே படமாகக் காண்கின்றது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குழாய்ப் பெட்டி எதையும் சேர்த்து வைப்பதில்லை. கம்பி வழியே வரும் குறிப்பு அக்கணமே ஒளியாகின்றது. மேளக்காரனின் கை தோலில் விழுவதும் ஒலி எழுவதும் போல, வருவதும் தோன்றுவதும் ஒன்றே.

இத்தகைய குழாயை நம்பியே பழைய விளையாட்டுப் பெட்டிகள் படைக்கப்பட்டன. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டு யூலையில் வெளியிட்ட ஃபமிக்கொம் என்னும் பெட்டியே, பின்னர் நம் நாட்டுக் கடைகளில் மலிவாக விற்ற பற்பல போலிகளின் மூலம். அது வரையும் படம் அகலத்தில் 256 புள்ளிகள், உயரத்தில் 240 கோடுகள் மட்டுமே. இன்றைய கைப்பேசித் திரையின் ஒரு மூலைக்கும் அது காணாது. ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு என்ற மாறாட்டத்தையும் அது கைவிட்டுவிடுகின்றது. ஒரே வரிசைக் கோடுகளின் மேலேயே மீண்டும் மீண்டும் வரைகின்றது. ஆகவே அடுத்தடுத்த கோடுகளுக்கிடையே மெல்லிய இருள் தங்குகின்றது. குழாயின் ஒளிப்புள்ளி ஓரத்தில் சற்றே கசியும் இயல்புடையது. இருளும் கசிவும் சேர்ந்து, கட்டங்கட்டமான அந்தச் சித்திரத்துக்கு ஓர் உருட்சியைக் கொடுக்கின்றன. தட்டைத் திரையில் செங்கல் அடுக்கியதுபோலத் தெரியும் முகம் குழாய்த் திரையில் முகமாகவே தெரிவதன் காரணம் இதுவே.

கண்டிக்கு அண்மையிலுள்ள தெகல்தொருவை குகை விகாரையைப் பார்த்தவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். 18ஆம் நூற்றாண்டில், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்க மன்னன் காலத்து ஓவியர்கள் அங்கே சுவரெங்கும் சாதகக் கதைகளைத் தீட்டினர். மின்விளக்கை அறியாத காலம் அது. கைவிளக்கின் மஞ்சள் ஒளி அசைய அசைய, யானையும் சேனையும் மரமும் அசைவதுபோலத் தோன்றும் குகைக்குள் அவர்கள் தூரிகை பிடித்தனர். அதே சுவரின் மேல் வெண்ணிற மின்னொளியைப் பாய்ச்சினால் ஓவியம் தெளிவாகத் தெரியும். ஆனால் ஓவியன் கண்ட காட்சி அதுவன்று. விளையாட்டுச் சித்திரங்களைத் தீட்டியவர்களும் தம் மேசைமேல் இருந்த குழாய்த் திரையைப் பார்த்துப் பார்த்தே புள்ளி வைத்தனர்.

சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் பெட்டி இதற்குத் தக்க சான்று. ஒரே வேளையில் 64 நிறங்களை மாத்திரமே அது காட்டவல்லது. ஊடுருவித் தெரியும் நீரை வரையும் வசதி அதில் இல்லை. 1991இல் வெளிவந்த சோனிக் என்ற விளையாட்டில் நீர்வீழ்ச்சி ஒன்றுண்டு. நெருக்கமான செங்குத்துக் கோடுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக அவர்கள் வரைந்து வைத்தனர். மஞ்சள் நிற முளையுடைய சாதாரணக் கம்பியிற் சென்று குழாய்த் திரையை அடைகையில் அக்கோடுகள் கலங்கி ஒன்றோடொன்று கரைந்துவிடும். நீல முள்ளெலியான சோனிக் அந்நீருக்கு அப்பால் நிற்பது தெரியும். குறையைக் கொண்டே நிறைவு செய்த சாமர்த்தியம் அது. தெளிவான புதிய திரையில் அவ்விடத்தில் நீர் இல்லை. சீப்பின் பற்களே நிற்கின்றன.

அழகின் குறைவைப் பொறுத்துக்கொள்ளலாம். பள்ளத்தில் விழுவதைப் பொறுத்துக்கொள்ள முடியுமா? அது காலத்தைப் பற்றிய விஷயம்.

தட்டைத் திரை குழாயைப் போல் வந்ததை வந்தபடி காட்டுவதில்லை. முதலில் முழுப் படத்தையும் நினைவகத்தில் வாங்கி வைக்கின்றது. பின்னர் அதைத் தன் அளவுக்குப் பெருப்பிக்கின்றது, கறை நீக்குகின்றது, நிறம் கூட்டுகின்றது, அசைவைச் சீர்படுத்துகின்றது. திருமண வீட்டுக்குப் புறப்படும் பெண்ணை அலங்கரிப்பதுபோல அவ்வளவும் செய்து முடித்தே வெளியே அனுப்புகின்றது. செய்தி பார்ப்பவருக்கு இத்தாமதம் தெரியாது. படமும் ஒலியும் சேர்ந்தே பிந்துகின்றன. விளையாடுபவரின் விரலோ பிந்துவதில்லை. இவ்வலங்காரங்களை நிறுத்தாத திரையொன்று 100 மில்லிசெக்கன், அதாவது செக்கனில் பத்திலொரு பங்கு, பிந்துதல் சாதாரணம். செக்கனுக்கு 50 படம் என்ற கணக்கில் அது ஐந்து படங்களின் காலம். மாரியோ முழு வேகத்தில் ஓடுகையில் ஒரு படத்துக்கு இரண்டரைப் புள்ளி தூரம் செல்கின்றான். ஐந்து படங்களில் பன்னிரண்டரைப் புள்ளி. அவ்விளையாட்டின் ஒரு கல்லின் அகலம் 16 புள்ளி. ஆகவே பள்ளத்தின் விளிம்பென்று கண் காண்கையில், அவன் ஏறக்குறைய ஒரு கல் தூரம் அப்பாற் சென்று அந்தரத்தில் நிற்கின்றான். தந்தை விழுந்தது அந்த ஒரு கல்லினால்.

துப்பாக்கியின் கதை இன்னும் சுவையானது. அதிலிருந்து எதுவும் பாய்வதில்லை. அது ஒரு கண். விசையை அழுத்தியவுடன் விளையாட்டுப் பெட்டி ஒரு கணம் திரையை முற்றாகக் கறுப்பாக்குகின்றது. அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மாத்திரம் வெள்ளைச் சதுரமொன்றை வரைகின்றது. குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி முதலில் இருளையும், உடனே ஒளியையும் கண்டால், குறி சரியென்று கொள்ளப்படும். குழாய்த் திரையின் கோடுகள் செக்கனுக்குப் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட தடவை மின்னும் துடிப்பை உணரும்படியே அவ்வுணரி அமைக்கப்பட்டது. வெயிலையோ மின்குமிழையோ காட்டி ஏமாற்றாதிருப்பதற்கு அந்த ஏற்பாடு. தட்டைத் திரையில் அத்துடிப்பு இல்லை. வெள்ளைச் சதுரமும் கேட்ட நேரத்தில் வருவதில்லை. வாத்து சாகாவரம் பெற்றுவிடுகின்றது. எவ்வளவு விலை கொடுத்துப் புதிய திரை வாங்கினாலும் பழைய துப்பாக்கி அதில் வேலை செய்யாது.

அத்துடிப்பைச் சிறுவர்கள் காதாலும் கேட்பதுண்டு. பால் முறைப் பெட்டியில் கோடுகளின் மீடிறன் செக்கனுக்கு 15,625. பெட்டி இயங்குகையில் அதே சுருதியில் மிக மெல்லிய கீச்சொலி எழும். பத்து வயது மகனுக்கு அது தெளிவாகக் கேட்கும். நாற்பதைக் கடந்த தந்தை தம் இளமையில் கேட்டிருப்பார். இப்போது கேட்பது அரிது.

களஞ்சிய அறைப் பெட்டியை எடுத்துத் துடைப்பதென்று முடிவு செய்தால், அல்லது ஒருவர் விற்பதை வாங்குவதென்று எண்ணினால், எவற்றைப் பார்க்க வேண்டும்? பெரிய பெட்டியே சிறந்ததென்ற எண்ணத்தை முதலில் விடுதல் நன்று. 14 அங்குலத்திலும் 21 அங்குலத்திலும் பழைய படம் திரண்டு நிற்கும். 29 அங்குலப் பெட்டி நாற்பது கிலோவுக்கு மேல் நிறையுள்ளது. கண்டிப் படிக்கட்டுகளில் அதை ஏற்றுவது விளையாட்டன்று. கனமெல்லாம் முன்புறக் கண்ணாடியில் இருப்பதால், தூக்குபவர் திரையின் முகத்தைத் தம் மார்புப் பக்கமாகத் திருப்பிப் பிடித்தல் வேண்டும். மறுபுறமாகப் பிடித்தவர் படியில் முன்னோக்கிச் சரிவார்.

பெட்டியை இயக்கியவுடன் தீர்ப்புச் சொல்லுதல் கூடாது. அரைமணி நேரம் எரியவிட்டுப் பின் பார்த்தல் வேண்டும். வெள்ளைப் படமொன்றில் ஒரு மூலை செம்மையாகவோ பச்சையாகவோ தெரிந்தால் அருகில் ஒலிபெருக்கியோ வேறு காந்தமோ இருக்கலாம். அதை அகற்றி, பெட்டியைச் சிறிது நேரம் அணைத்து மீண்டும் இயக்கினால், உள்ளிருக்கும் காந்த நீக்கச் சுருள் பெரும்பாலும் அதைச் சரிசெய்துவிடும். ஒளி மிகும்போது படம் ஊதிப் பெருத்தால் பெட்டி தளர்ந்துவிட்டதென்பதற்கு அறிகுறி. அணைத்த திரையில் ஏதேனும் எழுத்தோ இலச்சினையோ நிழலாகத் தெரிந்தால், அது எரிந்து பதிந்த வடு, நீங்காது.

இங்கே கண்டியாருக்கே உரிய செய்தி ஒன்று. பிதுருதலாகலைக் கோபுரத்திலிருந்தும் பிற மலைகளிலிருந்தும் வந்த அலைகள் நம் குன்றுகளில் மோதித் திரும்பி வந்தமையால், அக்காலத்துப் படங்களில் ஒவ்வோர் உருவத்துக்கும் பக்கத்திலே ஒரு பேயுருவம் நிற்பதுண்டு. 1996 மார்ச் 17இல் லாகூரில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் குண்டசாலைப் பக்கத்து முரளிதரன் பந்து வீசியதை, இரண்டு முரளிதரன்களாகக் கண்ட வீடுகளும் இருந்திருக்கும். "படம் சரியில்லாத பெட்டி" என்று அவ்வாறு ஒதுக்கப்பட்டவற்றில் பல பழுதற்றவை. குறை அன்டெனாவினதும் மலையினதும்; குழாயினதன்று. விளையாட்டுப் பெட்டியைக் கம்பியால் இணைக்கையில் அப்பேய் வருவதில்லை. ஆகவே இத்தகைய பெட்டியைக் குறைந்த விலையில் துணிந்து வாங்கலாம்.

கம்பி எதுவென்பதும் முக்கியம். அன்டெனாத் துளையில் செருகி அலைவரிசை தேடுவது பழைய வழி. படத்தில் மணல் தூவியதுபோல இருக்கும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு முளைகளுக்கான துளைகள் முன்புறத்திலோ பின்புறத்திலோ இருந்தால், மஞ்சள் வழியே படத்தை அனுப்புதல் அதனினும் மேல். அதற்கு மேலும் சிறந்த இணைப்புகள் உண்டு. மலிவான போலிப் பெட்டிகளுக்கு அவை பயன்படா.

இனி, 50, 60 என்ற வேறுபாடு. இலங்கை மின்சாரத்தைப் போலவே இலங்கைத் தொலைக்காட்சியும் செக்கனுக்கு 50 என்ற கணக்கிலமைந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. ஜப்பானியப் பெட்டியொன்றை உறவினர் அனுப்பியிருந்தால், பால் முறை மட்டும் அறிந்த திரையில் படம் நிறமின்றி வரலாம். நிற்காமல் மேலும் கீழும் ஓடலாம். வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியவர்கள் கொண்டுவந்த பன்முறைப் பெட்டிகள் இங்கே கைகொடுக்கின்றன. இரண்டு கணக்கையும் அவை ஏற்கும். சோனி நிறுவனத்தின் திரினித்ரன் பெட்டிகளில் பல இவ்வகையின. அவற்றின் திரையில் குறுக்காக மயிரிழை போன்ற நிழலொன்றோ இரண்டோ தெரிவது பழுதன்று. உள்ளிருக்கும் தாங்குகம்பிகளின் நிழல் அது. 2008இல் அவற்றின் உற்பத்தி நின்றுவிட்டது.

60க்கென எழுதிய விளையாட்டை 50க்கான பெட்டியில் ஓட்டினால், எல்லாம் ஆறில் ஒரு பங்கு மெதுவாக நடக்கும். இசையும் அப்படியே இழுபடும். 50 முறைப் போலிப் பெட்டியோடு வளர்ந்த கண்டிச் சிறுவனுக்கு அந்த மெதுவான மாரியோவே மாரியோ. பின்னாளில் ஜப்பானிய மூலத்தைக் கேட்கையில் இசை துரத்துவதுபோல இருக்கும். எது சரியானது? படைத்தவனைக் கேட்டால் 60 என்பான். விளையாடி வளர்ந்தவனின் விரல் 50இற் பழகியிருக்கின்றது. வீட்டில் விளையாடுபவர் தம் விரலைக் கேட்பதே முறை.

குழாய்ப் பெட்டிகளில் தவிர்க்க வேண்டியதும் ஒன்றுண்டு. அவற்றின் கடைசிக் காலத்தில் "100 ஹேர்ட்சு" என்று பெருமையாக எழுதி விற்ற விலையுயர்ந்த பெட்டிகள், குழாயாயிருந்தும் தட்டைத் திரையைப் போலப் படத்தை முதலில் நினைவகத்தில் வாங்கி, இரட்டித்த பின்பே காட்டுகின்றன. பிந்துதல் அங்கும் உண்டு, துப்பாக்கியும் பிழைக்கும். முற்றத்து மூலையில் கிடக்கும் மலிவான பழம்பெட்டி அதனை வெல்லும்.

குழாய்ப் பெட்டியை வைக்க இடமில்லாத வீடுகளும் பல. தோட்டத்து லயக் காம்பராவில் ஒரு கட்டிலுக்கே இடம் தேட வேண்டியிருக்கின்றது. நகரத்து மாடி வீடுகளிலும் அவ்வாறே. அவர்களுக்குத் தட்டைத் திரைதான் கதியெனினும், அதிலும் செய்யக்கூடியவை உண்டு. முதலாவது செலவில்லாதது. ரிமோட்டை எடுத்து, படத்தின் வடிவத்தை 4க்கு 3 என்று மாற்றினால் மாரியோ பழையபடி மெலிந்துவிடுவான். 16க்கு 9 என்ற அகலத்திலே அவன் மூன்றிலொரு பங்கு பருத்திருந்தான். அடுத்து "கேம் மோட்" என்றுள்ள ஏற்பாட்டை இயக்க வேண்டும். அலங்காரங்கள் பல நிறுத்தப்படும். பிந்துதல் பெரிதும் குறையும். குறைந்ததா என்பதைக் கடைக்காரரின் வாய்ச்சொல்லால் அறிய வேண்டியதில்லை. இன்றைய கைப்பேசிகளில் மெதுவோட்டப் படம் எடுக்கும் வசதியுண்டு. பொத்தானை அழுத்தும் விரலும் திரையும் ஒருங்கே தெரியும்படி எடுத்து, விரல் அழுந்தியதற்கும் மாரியோ எழுந்ததற்கும் இடையே எத்தனை படங்கள் என்று எண்ணலாம். செக்கனுக்கு 240 படம் எடுக்கும் கருவியில் ஒரு படம் என்பது சுமார் 4 மில்லிசெக்கன்.

புதிய திரைகள் பலவற்றில் மஞ்சள் துளையே இல்லை. அதற்காகக் கடைகளில் தீப்பெட்டியளவான மாற்றியொன்று மலிவாகக் கிடைக்கின்றது. ஒரு பக்கம் மூன்று முளைகள், மறுபக்கம் எச்.டி.எம்.ஐ. வாங்குமுன் ஒன்றை அறிந்திருத்தல் நலம். அது விளையாட்டுப் பெட்டியின் 240 கோட்டுப் படத்தை, ஒற்றையும் இரட்டையுமாக வரும் சாதாரணத் தொலைக்காட்சிப் படமென்று தவறாக எண்ணி இரண்டிரண்டாகப் பிணைக்கின்றது. அடிபட்ட வீரன் மினுங்குவது பழைய விளையாட்டுகளின் வழக்கம்: ஒரு படத்தில் இருப்பான், அடுத்த படத்தில் இரான். இரண்டு படங்களைப் பிணைக்கையில் அவன் சீப்புப் போலக் கோடுகோடாகப் பிளவுபடலாம்; முற்றாக மறைந்தும் போகலாம். இப்படத்தை உள்ளபடி உணர்ந்து கோடுகளை மாத்திரம் பெருக்கும் நல்ல மாற்றிகளும் உலகில் உண்டு, ஓ.எஸ்.எஸ்.சி, ரெட்ரோடிங்க் என்பன அவற்றுட் பெயர்பெற்றவை. பிந்துதல் அவற்றில் மிகச் சொற்பம். ஆனால் கடல் கடந்து வரவேண்டியவை; விலையோ ஒரு புதிய தொலைக்காட்சியின் விலையை எட்டிப் பார்க்கும். ஒரு போலிப் பெட்டிக்காக அவ்வளவு செலவு செய்வது, ஆட்டுக்கல்லுக்கு வெள்ளிக் குழவி செய்வதுபோலத்தான்.

புதிதாகத் திரை வாங்குவோர் சிறு கணக்கொன்றை மனத்திற் கொள்ளலாம். 240ஐ ஒன்பதாற் பெருக்கினால் 2160. நான்கு கே எனப்படும் திரையின் உயரம் சரியாக அதுவே. பழைய ஒரு கோடு புதிய ஒன்பது கோடுகளாகி ஒழுங்காக நிற்கும். 1080 கோட்டுத் திரையிலோ நான்கரை மடங்கு. அரைக் கோடு வரைய எந்தத் திரையாலும் முடியாது. ஆகையால் சில கோடுகள் தடித்தும் சில மெலிந்தும் போய், பின்னணி நகரும்போது படம் நெளியும். அங்கே நான்கு மடங்கோடு நிறுத்தி, மேலும் கீழும் சிறிது கறுப்பு விடுவதே மேல். கணினியில் போலிச் செயலி கொண்டு விளையாடுவோருக்கும் இக்கணக்கே பொருந்தும். குழாய்த் திரையின் இருட்கோடுகளையும் கசிவையும் கணக்கிட்டு வரையும் வடிப்பான்களும் அவற்றில் உண்டு. நான்கு கே திரையில் அவை மிக நன்றாகவே அமைகின்றன; அந்த நீர்வீழ்ச்சி மீண்டும் நீராகின்றது. கண்ணுக்கு இது போதும். விரலுக்கு முற்றாகப் போதாது. அமெரிக்காவில் 2010 முதல் நடைபெறும் பழைய டெற்றிஸ் போட்டியில், வீரர்கள் நின்டெண்டோப் பெட்டியோடு குழாய்த் திரையின் முன்னேதான் அமர்ந்து வருகின்றனர்.

ஆகவே, வீட்டில் பழைய விளையாட்டுப் பெட்டியும் இயங்கும் குழாய்த் திரையும் ஒருங்கே இருக்குமாயின், லொறிக்காரரிடம் அதைக் கொடுப்பது நட்டம். மீண்டும் ஒன்றைச் செய்து தர இன்று தொழிற்சாலை இல்லை. இதைத் திருத்தக் கற்றவர்களும் நகரத்தில் அருகி வருகின்றனர். இளைய தொழிலாளர் கைப்பேசி பழுதுபார்க்கவே பழகுகின்றனர். நம்பிக்கையான திருத்துநர் ஒருவரை அறிந்தவர், அவர் தொழிலில் இருக்கும்போதே பெட்டியைக் காட்டிவைத்தல் நன்று.

இன்னொரு செய்தி உயிரோடு சம்பந்தப்பட்டது. நிறப் பெட்டியின் குழாயில் இருபதாயிரம் வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு; மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அது தங்கியிருக்கக்கூடும். பின்மூடியைத் தொழில் அறியாதவர் கழற்றவே கூடாது. தூசு துடைப்பதென்றாலும் வெளிப்புறத்தோடு நிற்க வேண்டும். நம் மலைநாட்டு ஈரம் தூசோடு சேர்ந்தால், உள்ளே மின்சாரம் கசிந்து சீறும் ஒலி எழுவதுண்டு. நீண்ட காலம் களஞ்சியத்திற் கிடந்த பெட்டியை உலர்ந்த அறையில் சில நாள் வைத்த பின்பே இயக்குதல் நலம். சீறலோ கருகல் வாடையோ தோன்றினால் உடனே அணைத்துவிட வேண்டும்.

உண்மையிலேயே இறந்துபோன பெட்டியாயின், அதையும் ஓடையோரத்தில் எறிதல் ஆகாது. குழாயின் கண்ணாடியில் ஈயம் கலந்துள்ளது. கதிர்களைத் தடுப்பதற்காகக் கலந்தது. செப்புச் சுருளுக்காகக் கழுத்தை உடைத்துவிட்டு மீதியை எறிந்தால், அந்த ஈயக் கண்ணாடி மழையோடு எங்கே போகுமென்பதை மகாவலிக் கரையில் வாழ்வோருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளர்கள் உள்ளனர். அவர்களிடம் முழுதாக ஒப்படைப்பதே வழி.

கட்டுகஸ்தோட்டை வீட்டில் பழஞ்சேலை நீக்கப்படுகின்றது. 21 அங்குலப் பெட்டி பின்னறையில், தரையோடொட்டிய உறுதியான பலகையின் மேல் ஏறுகின்றது. உயரமான மேசையில் வைத்தால், சிறுவர் பற்றி இழுக்கையில் முன்னே கவிழும். மஞ்சள் முளை மஞ்சள் துளைக்குட் போகின்றது. முதலில் வெறும் சாம்பல். பின்னர் மெல்ல நீலவானம். "அப்பா, ஏதோ கீச்சென்று கேட்கிறது" என்கின்றான் மகன். தந்தைக்கு ஒன்றும் கேட்கவில்லை. துப்பாக்கியை மகனிடம் கொடுக்கின்றார். முதல் வாத்து வீழ்கின்றது. பங்குனி, சித்திரை மாதத்துப் பிற்பகலாயின், ஹந்தானை மலைக்கு மேல் முகில் கறுத்து முதலாவது இடி முழங்கும்போது, விளையாட்டு எந்தக் கட்டத்தில் நின்றாலும் சுவரிலிருந்து முளையைப் பிடுங்கிவிட வேண்டும்.